மிச்சப் பதினேழு நாள்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

குளியலறையில் வழுக்கி விழுந்து இன்றோடு பதினோரு நாள். இடது காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. இன்னும் ஐந்து வாரம் கட்டிலும் சக்கர நாற்காலியுமாகக் கிடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எலும்பு டாக்டர் விறுவிறுவென்று நடந்து போனார். அவருக்கென்ன, கால் இருக்கிறது.

இந்த லட்சணத்தில் ஒரு பேட்டிக்கு வேறு ஒப்புக்கொண்டிருக்கிறேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பது இதுதான். 'ஏடு' என்று ஒரு யூடியூப் சேனல். நடத்துகிறவள் செண்பகவல்லி, கோவில்பட்டிக்காரி, கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்து அந்த வேலையை விட்டவள். என்னைப் பற்றி மட்டும் பன்னிரண்டு பகுதி எடுக்கிறாளாம். அப்புறம் அதையே புத்தகமாகப் போடுவாளாம். "நீங்கதான் இப்போ எங்கயும் ஓட முடியாதே சார். இதைவிட்டா எங்களுக்கு எப்போ கிடைப்பீங்க?" என்று போனில் சிரித்தாள். நானும் சிரித்தேன். பன்னிரண்டு பகுதி என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துபோனது, அதை ஏன் மறைக்க வேண்டும்? இந்த ஜில்லாவில் வேறு எவனுக்கும் நான்கு பகுதிக்கு மேல் யாரும் எடுத்ததில்லை.

பிரமுதான் முகத்தைச் சுளித்தாள். "எழுவது வயசுல இன்னும் என்னத்தச் சொல்லப் போறிய அத்தான்? இதுவரைக்கும் சொன்னதெல்லாம் காணாதா?" என்றாள். பிரமு என் மனைவி. என் அத்தை மகளும்கூட. என் பேட்டி ஒன்றைக்கூட அவள் படித்ததில்லை. படித்ததில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள், செண்பகவல்லியும் கேமரா பிடிக்கிற டென்சிங்கும். டென்சிங் நாகர்கோவில்காரர், நாற்பது வயதிருக்கும், வாயைத் திறக்காத மனிதர். வந்ததும் முதல் வேலையாகக் கூடத்து மின்விசிறியை நிறுத்தினார். சத்தம் வருகிறதாம். பாளையங்கோட்டை வெயிலில், மின்விசிறி இல்லாமல், இரண்டு விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து படைப்பாற்றலைப் பற்றிப் பேசிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும் அந்த அவஸ்தை.

ஏன் எழுதுகிறீர்கள்? நாற்பது வருஷமாக இதே கேள்வி, நாற்பது வருஷமாக என்னிடம் ஒரே பதில். சொன்னேன். கற்பனை எங்கிருந்து வருகிறது? "கற்பனையாவது ஒண்ணாவது! நினைவுதான் எல்லாம். நான் வாழாத ஒரு வரியை எழுதினதில்லை" என்றேன். செண்பகவல்லிக்கு முகம் மலர்ந்தது. என்னுடைய புகழ்பெற்ற வாக்கியங்களில் அது ஒன்று.

ஒரு சங்கதி. அந்தக் காலத்துச் சிறுபத்திரிகைப் பேட்டியில் கேள்வியையும் பெரும்பாலும் எழுத்தாளனே எழுதிக்கொள்வான். 'பேட்டி ஒன்று அனுப்பி வைக்கவும்' என்று ஆசிரியரிடமிருந்து ஒரு கார்டு வரும். நானே என்னை மடக்குவேன், நானே கொஞ்சம் திணறுவேன், அப்புறம் நானே என்னை விடுவித்துக்கொள்வேன். படிக்கிறவன், அடேயப்பா, எப்பேர்ப்பட்ட கேள்வி, எப்பேர்ப்பட்ட பதில் என்பான். இந்தப் பெண் கேள்விகளை அவளே தயாரித்துக்கொண்டு வருகிறாள். இரண்டு குயர் நோட்டு நிறைய வைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று 'சங்கு ஊதாத நாட்கள்' பற்றி. என் முதல் நாவல், என் பெயரைச் சொன்னால் எல்லோரும் சொல்கிற நாவல். 1978இல் எங்கள் ஊர் நூல் மில்லில் நடந்த வேலைநிறுத்தம். ஏழு தொழிலாளிகளைப் பிடித்துக் கிளைச்சிறையில் பத்தொன்பது நாள் அடைத்தார்கள். அதில் ஒருவன் தன் வாயால் சொல்கிற கதை. எட்டுப் பதிப்பு. நான்கு கல்லூரிகளில் பாடம்.

சிறைப் பகுதி வந்ததும் எனக்குக் குரல் கம்மியது. எப்போதும் அந்த இடத்தில் கம்மும். டென்சிங் கேமராவை என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். அந்த அறையில் நிமிர்ந்து நிற்க முடியாது என்றும், மூத்திரச் சட்டி தலைமாட்டில் இருக்கும் என்றும், மில் சங்கு ஊதுகிறதா என்று விடியற்காலையில் ஏழு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்போம் என்றும் சொன்னேன்.

நடுவில் செண்பகவல்லி திடீரென்று பிரமுவின் பக்கம் திரும்பினாள். பிரமு ஒரு ஓரமாகச் சீனி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, அப்போ நீங்க சாருக்கு அத்தை பொண்ணு. அவங்க உள்ள இருந்தப்போ உங்களுக்கு எவ்வளவு கவலையா இருந்திருக்கும்?"

"கவலையா?" என்றாள் பிரமு. "அவுக எங்க இருந்தாகன்னு எனக்குத் தெரியும்லா. வேளாவேளைக்குச் சோறு கெடச்சுது. அதுக்கு என்ன கவலை?"

செண்பகவல்லி நெகிழ்ந்துபோனாள். உழைக்கும் குடும்பத்துப் பெண்களின் மனவுறுதி என்று ஏதோ சொன்னாள். நான் தண்ணீர் கேட்டேன்.

ஆகஸ்ட் 7

மாவுக்கட்டுக்குள் அரிப்பு. மரஸ்கேலை உள்ளே விட்டுச் சொறிந்தேன். வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

அரசியல். எழுத்தாளன் தெருவில் இறங்க வேண்டுமா, அறைக்குள் உட்கார்ந்து எழுதினால் போதாதா என்று ஆரம்பித்தாள். இறங்க வேண்டும், அடி வாங்க வேண்டும், அப்புறம்தான் பேனாவைத் தொட வேண்டும் என்று வெளுத்து வாங்கினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்தாள். 1991இல் நான் கொடுத்த பேட்டி. சாத்தூரில் ஒரு கவிஞர் இருந்தார். ஏதோ ஒரு கவிதைக்காக அதிகாரிகள் கூப்பிட்டு மிரட்டியதும் வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்துவிட்டார். அவரைப் பற்றி நான் சொன்னது: 'மன்னிப்புக் கடிதம் எழுதிய கை கவிதை எழுதக் கூடாது.' அந்த வரி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. மனுஷன் அதற்கப்புறம் ஒரு வரி எழுதவில்லை. போன வருஷம் செத்துப்போனார்.

"இன்னைக்கும் அதேதான் சொல்வீங்களா சார்?"

"அதேதான்" என்றேன். குரல் கணீரென்று வந்தது.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. வெயில் அப்படி.

ஆகஸ்ட் 9, வெள்ளி

படப்பிடிப்பு முடிந்து பைகளைக் கட்டும்போது செண்பகவல்லி, "சார், ஒரு நல்ல சேதி சொல்லட்டுமா?" என்றாள். நாவலில் வருகிற ஏழு பேரும் யார் யார் என்று விசாரித்துக்கொண்டே போயிருக்கிறாள். ஐந்து பேர் காலமாகிவிட்டார்கள். நான் ஒருவன் இருக்கிறேன். இன்னொருவன் பம்பாய் மில்லுக்குப் போனவன், அங்கேயே செத்திருப்பான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆள் உயிரோடு இருக்கிறானாம். அருப்புக்கோட்டையில் மகள் வீட்டில் இருக்கிறானாம்.

தவசி.

"பதினெட்டாம் தேதி வர்றாங்க சார். கடைசிப் பகுதி முழுக்க நீங்க ரெண்டு பேரும்தான். நாப்பத்தாறு வருஷம் கழிச்சு! நினைச்சாலே எனக்குப் புல்லரிக்குது" என்றாள். "ஆகா!" என்றேன். வேறு என்ன சொல்ல?

அடுப்படியிலிருந்து பிரமுவின் குரல் வந்தது. "வரட்டும், வரட்டும். நல்லாப் பொங்கிப் போடுவோம்."

ஆகஸ்ட் 10, சனி

இந்த நோட்டைப் பிரமுவைத் தவிர யாரும் தொடப்போவதில்லை. அவளுக்குத் தெரியாதது இதில் ஒன்றுமில்லை. எழுதிவிடுகிறேன்.

நான் அந்தச் சிறையில் இருந்தது இரண்டு நாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் என் பெரியப்பா வந்தார். கிராம முன்சீப்பாக இருந்தவர், எல்லோரையும் தெரியும். கையில் இரண்டு தாள் வைத்திருந்தார். நான் செய்தது தவறு, இனிச் சங்கத்தில் சேர மாட்டேன், மன்னிக்கவும் என்று அழகாக எழுதி வைத்திருந்தார். ஒன்று எனக்கு. இன்னொன்று என் கூட்டாளி என்பதால் தவசிக்கு. தவசி வாங்கினான், படித்தான், மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். நான் கையெழுத்துப் போட்டேன். காரணம் பயம். கொள்கை, கிள்கை, குடும்பச் சூழ்நிலை ஒரு மண்ணும் கிடையாது. அன்று காலையில், எங்களோடு பிடிபட்ட சீனியை அடித்ததைக் கண்ணால் பார்த்திருந்தேன். அடுத்தது நான்தான் என்று தோன்றியது. வெளியே வரும்போது தவசி என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

மீதிப் பதினேழு நாள் சங்கரன்கோவிலில் அத்தை வீட்டு மச்சில் ஒளிந்துகிடந்தேன். மூன்று வேளையும் சோறு கொண்டுவந்து வைத்தவள் பிரமு. அப்போது அவளுக்குப் பதினேழு வயது.

மற்ற ஆறு பேரும் வெளியே வந்த பிறகு, சீனி ஒரு டீக்கடை பெஞ்சில் நாலு சாயங்காலம் உட்கார்ந்து எல்லாவற்றையும் எனக்குச் சொன்னான். அவன் மனசு அப்படி. அதைத்தான் 'நான், நான்' என்று எழுதினேன். 1982இல் நாவல் வந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒரு சிறுபத்திரிகையில் என் பேட்டி. கேள்வி, பதில் இரண்டும் என்னுடையவை. முன்குறிப்பு மட்டும் ஆசிரியருடையது. நாவலில் 'நான்' என்று இருந்ததை அவர் நான் என்றே எடுத்துக்கொண்டு, 'பத்தொன்பது நாள் சிறைவாசம் அனுபவித்தவர்' என்று போட்டுவிட்டார். பிழை பார்க்க எனக்குத்தான் அனுப்பினார். நாவல் வெளியான வருஷத்தைத் தப்பாகப் போட்டிருந்தார், அதைத் திருத்தினேன். பத்தொன்பது நாளைத் திருத்தவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. கூட்டங்களில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள் அதைச் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்ன தன்னடக்கம் என்றார்கள். ஐந்தாறு வருஷத்தில் நானே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். இப்போது மூன்றாம் நாள், பத்தாம் நாள் என்று யார் எதைக் கேட்டாலும் என்னால் சொல்ல முடியும்.

சாத்தூர்க் கவிஞரை நான் ஏன் அப்படிக் கடித்தேன் என்று யாராவது கேட்டால் மட்டும் பதில் இல்லை. நல்லவேளை, இதுவரை யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தேன். "பரவாயில்ல சார், படுத்தபடியே எடுக்கலாம். இன்னும் உருக்கமா இருக்கும்" என்கிறாள். இவளிடமிருந்து தப்ப வேண்டுமென்றால் நான் செத்தால்தான் உண்டு. அதையும் படம் எடுப்பாள்.

சாயங்காலம் பிரமு கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நோட்டைப் படித்திருக்கிறாள்.

"தவசி அண்ணன் வந்து சொல்லதுக்கு முந்தி நீங்களே சொல்லிருங்க அத்தான். கொஞ்சம் மானமாவது மிஞ்சும்."

"சொல்லிட்டு? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்த ஊர்ல இருப்பேன்?"

"இருக்க மூஞ்சிய வச்சுத்தான். நான் இருக்கலியா?" அவளுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "உங்க பேட்டி வாரப்பல்லாம் எங்கம்மா என்ன கேப்பா தெரியுமா? 'ஏட்டி, செயில்ல நம்ம வீட்டுச் சுண்டவத்தக் கொழம்பா ஊத்துனாவோ'ன்னு கேப்பா. சாவுத வரைக்கும் கேட்டா. ஊர்ல பொம்பளையோ வந்து 'தியாகி பொஞ்சாதி'ம்பாளுவ. நான் கொமட்டிக்கிட்டு நிப்பேன். நாப்பத்தாறு வருசமா உங்ககூடச் சேந்து நானும்லா அந்த மச்சுல கெடக்கேன்!"

இவ்வளவையும் இவள் இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள்? எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததும் கோபம் வந்தது. "சரி, சொல்லித் தொலைக்கேன்" என்று கத்தினேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

நேற்று முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். இன்று விளக்கைப் போட்டதும் கையை உயர்த்தி, "செண்பகவல்லி, ஒரு உண்மையைச் சொல்லணும்" என்றேன். அவள் நோட்டைக் கீழே வைத்தாள். டென்சிங் பக்கத்தில் வந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன்: "நான் அந்தச் சிறையில் இல்லை. அந்த நாவலில் பேசுகிறவன் நானில்லை. அங்கே இருந்தவன் வேறு, எழுதினவன் வேறு. எழுதினவன் பயந்தாங்கொள்ளி. வெளியே நின்றுகொண்டு, உள்ளே இருந்தவனின் வலியைத் திருடினவன்."

கண்ணீர் வந்துவிட்டது. நாற்பது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக நெஞ்சில் இருந்த கல் இறங்கினாற்போல இருந்தது.

செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன ஒரு பதில் சார்!" என்றாள். "வாழ்ந்தவனுக்கும் எழுதினவனுக்கும் நடுவுல இருக்கற தூரத்தை இவ்வளவு நேர்மையா யாருமே சொன்னதில்ல!"

"இல்லம்மா, நிஜமாவே நான் இல்ல..." என்றேன்.

"புரியுது சார், புரியுது" என்றாள்.

டென்சிங் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்த இடத்தில் நான் விட்டிருக்கக் கூடாது. 'இன்ன தேதியில், இன்ன தாளில் கையெழுத்துப் போட்டேன், சங்கரன்கோவில் மச்சில் ஒளிந்திருந்தேன்' என்று ஒரே ஒரு வாக்கியம். வாய்வரைக்கும் வந்தது. செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த விதம் அப்படி. யாரும் என்னை அப்படிப் பார்த்து ரொம்ப நாளாகிறது. விட்டுவிட்டேன்.

அவர்கள் போன பிறகு பிரமு சொன்னாள்: "நீங்க சொன்ன லட்சணம் எனக்கே வெளங்கல அத்தான். கூட இருந்தவளுக்கே வெளங்கலன்னா பாத்துக்கிடுங்க."

ஆகஸ்ட் 15, வியாழன்

வெளியிட்டுவிட்டார்கள். முகப்புப் படத்தில் என் அழுத மூஞ்சி. கீழே கொட்டை எழுத்தில்: 'நான் அந்தச் சிறையில் இல்லை!' மத்தியானத்துக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்களாம். போன் விடாமல் அடிக்கிறது. ஒரு பேராசிரியர் இதை வைத்துக் கட்டுரை எழுதப்போகிறாராம். சுதந்திர தினமும் அதுவுமாக இப்படி ஒரு தியாகியின் அடக்கத்தைப் பார்த்ததில்லை என்று வார்டு கவுன்சிலர் வந்து துண்டு போர்த்திவிட்டுப் போனார்.

உண்மையைத்தான் சொன்னேன். இனி அதை எப்படித்தான் சொல்வது?

ஆகஸ்ட் 17

ஒன்றும் ஓடவில்லை. தவசி நாளைக்கு வருகிறான். அவன் வந்து போட்டு உடைக்கட்டும். அடி விழட்டும். விழுந்து முடிந்தால் போதும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பதினொரு மணிக்கு வந்தான். மகள் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். வெள்ளைச் சட்டை, கையில் ஊன்றுகோல், ஒரு பொட்டலம் காராச்சேவு. உடம்பு பாதியாகிவிட்டது. முகம் மட்டும் அதே முகம். பிரமு பேசினால் வலது காதைத் திருப்பிக் கேட்டான். இடது காது சுத்தமாகக் கேட்காது. ஆறாம் நாள் விழுந்த அறை. சீனி சொல்லி, அதை நான் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தக் காதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

என் மாவுக்கட்டைக் கோலால் தட்டினான். "என்னலே மாசானம், காலு போச்சா? அன்னைக்குத் தப்பிச்ச காலுல்லா" என்றான். செண்பகவல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு வேர்த்து ஊற்றியது.

இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். செண்பகவல்லி அவன் வலது காதருகில் குனிந்து சத்தமாகக் கேட்டாள்: "ஐயா, அந்தப் பத்தொன்பது நாளும் மாசானமுத்து சார் எப்படி இருந்தாங்க?"

தவசி என்னைப் பார்த்தான். எவ்வளவு நேரம் பார்த்தான் என்று சொல்லத் தெரியவில்லை. பிரமு அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டாள். சொல்லுடா, சொல்லித் தொலை என்று எனக்குள்ளே கத்திக்கொண்டிருந்தேன்.

"இவனா?" என்றான். "இவன் எனக்கு அடுத்தாப்லதான் படுத்திருந்தான். எனக்குத் தாடை வீங்கி வாயத் தெறக்க முடியாமக் கெடந்தேன். இவன்தான் கஞ்சியத் துணில முக்கி எம் வாயில புழிஞ்சு விட்டான். நாலு நாளு. பெத்த தாயி செய்யணும் அத."

செண்பகவல்லி அழுதுவிட்டாள். டென்சிங்கூட மூக்கை உறிஞ்சினார்.

அந்தக் கஞ்சிக் காட்சி நான் எழுதியது. நூற்று முப்பத்திரண்டாம் பக்கம். அப்படி ஒன்று நடந்ததாகச் சீனிகூடச் சொல்லவில்லை. கதையில் அந்த இடத்தில் கொஞ்சம் அன்பு வேண்டியிருந்தது, எழுதினேன். தவசி அதை வரிக்கு வரி சொன்னான். புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருக்கிறான்.

சாப்பிட்ட பிறகு செண்பகவல்லியும் டென்சிங்கும் விளக்குகளைக் காரில் ஏற்ற வாசலுக்குப் போனார்கள். அவனிடம் கேட்க வேண்டும். ஆனால் கேட்கிற காதுக்கும் கத்தினால்தான் எட்டும், கத்தினால் வாசல் வரைக்கும் கேட்கும். இந்த நோட்டையே எடுத்துக் கடைசிப் பக்கத்தில் எழுதி நீட்டினேன். 'ஏன்டா பொய் சொன்னே?'

தூரத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் படித்தான். அப்புறம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"நீ பயந்து ஓடுனத நான் அன்னைக்கே விட்டுட்டேன்லே. சீனிதான் அழுதான். போறவன் போட்டும் விடுன்னேன். அது ஒரு காரியமே இல்ல. இத மட்டும் கேளு. மில்லு இருந்த எடத்துல இப்பம் பிளாட்டு போட்டாச்சு. சங்கம் ரெண்டாச்சு, பொறவு நாலாச்சு, பழைய காயிதம் ஒருத்தன்ட்டயும் கெடையாது. செயில்ல எங்க பேரு எழுதுன நோட்டு எங்க போச்சோ. கூடக் கெடந்தவன் ஒருத்தனும் இல்ல. மிச்சம் இருக்கது நான் ஒருத்தன், உன் புஸ்தகம் ஒண்ணு. எம் பேத்தி படிக்க காலேசுல அதான் பாடம். 'எங்க தாத்தா இதுல இருக்காரு'ன்னு கிளாசுல எந்திச்சு நின்னு சொல்லிருக்கா. இப்பம் நீ வந்து, நான் உள்ளயே இல்ல, எழுதிக் குடுத்துட்டு ஓடிட்டேன்னு சொன்னா என்னாவும்? புஸ்தகமே பொய்யின்னு தூக்கி எறிவானுவ. அப்பம் நாங்க ஆறு பேரும் பொய்யி. என் காதும் பொய்யி."

நோட்டை வாங்கி எழுதினேன். 'என்னால் தாங்க முடியவில்லை. சொல்லியே தீருவேன்.'

"தாங்கு" என்றான். "நாங்க தாங்கலியா? நீ இருந்தது ரெண்டு நாளு. மிச்சப் பதினேழு நாளு கெடக்குல்லா, அத இப்பம் இருந்து தீரு. வெளிய வரணும்னு நெனைக்காத. உள்ளயே கெட."

எனக்கு அழுகை முட்டியது. 'என்னை மன்னித்துவிட்டாயா?' என்று எழுதினேன்.

அதைப் படித்ததும்தான் சிரித்தான். "மன்னிப்புக் கடுதாசி எழுதிக் குடுக்கதே உனக்குப் பொழப்பாப் போச்சு" என்றான். அந்தப் பக்கத்தைக் கிழித்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மகள் வந்து வாசலில் கூப்பிட்டாள். பிரமுவிடம் மட்டும் "வாரேம்மா, சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 19, திங்கள்

நடந்ததைப் பிரமுவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"தவசி அண்ணன் சொல்லதும் நாயம்தான்" என்றாள். அடுத்த துணியை உதறிவிட்டு, "எனக்கு ஆரு நாயம் சொல்லுவா?" என்றாள். பேட்டியாக இருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 21, புதன்

கடைசிப் பகுதி நேற்று வந்துவிட்டது. நான் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு ஒரு போன். சின்னப் பெண் குரல். "தாத்தா, நான் தங்கப்பிரியா பேசுதேன். தவசி தாத்தா பேத்தி." இரண்டு தடவை பார்த்தாளாம், கஞ்சி சொல்கிற இடத்தில் வீட்டில் எல்லோரும் அழுதார்களாம். "எங்க தாத்தா ஜெயிலப் பத்தி வாயே தெறக்க மாட்டாரு தாத்தா. எத்தன தடவ கேட்டாலும், போ புள்ள, மாசானத்துக்கிட்டக் கேளுன்னுட்டாரு. புக்குல இல்லாததும் சொல்லுங்க. மொத நாள்லருந்து சொல்லுங்க. நான் எழுதி வச்சுக்கிடுதேன்."

முதல் நாளைச் சொன்னேன். மில் வாசலில் பிடித்தது, வேனில் ஏற்றியது, ஒரே விலங்கில் என் வலது கையும் அவள் தாத்தாவின் இடது கையும். இரண்டாம் நாளைச் சொன்னேன். சீனியை அடித்தது, அவன் அம்மாவைக் கூப்பிட்டது, நாங்கள் ஆறு பேரும் கேட்டுக்கொண்டே கிடந்தது. ஒரு வார்த்தைக்குக்கூட நான் தேட வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அப்படியே இருக்கிறது. இவ்வளவு தெளிவாக இதை நான் எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் வரைக்கும் சொன்னேன். பெரியப்பா வருகிற இடத்தில் நின்றுவிட்டேன்.

"ம்... அப்புறம் தாத்தா? மூணாம் நாளு?"

பிரமு கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். போனில் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். கேட்ட இருமல்தான், தவசியுடையது. அவன் காதுக்கு எட்ட வேண்டும் என்று சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்திருப்பாள்.

"மூணாம் நாளு காலைல, தாயி," என்றேன், "எங்க எல்லாருக்கும் முந்தி உங்க தாத்தாதான் எந்திரிச்சான்."